கூட்டிய மணல்

ஜன்னல் இருக்கை உங்களுடையதுதான் சார், உட்காருங்கள். முப்பத்தேழு, திருச்சியில் ஏறி தாம்பரம், ஆண், நாற்பத்தெட்டு. நீங்கள்தானே? பயப்படாதீர்கள். முன்னால் போன பரிசோதகர் கையில் இருந்த கருவியை எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கேட்டவன் நான். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் கண் நிற்க மாட்டேன் என்கிறது. அதோ, கதவோரம் நிற்கிறானே பச்சைச் சட்டை, அவனிடம் டிக்கெட் கிடையாது. போய்ச் சொல்லலாம். எனக்கென்ன, சம்பளமா கொடுக்கிறார்கள்?

நானும் தாம்பரம்தான். மகள் வந்து நிற்பாள். அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்க வேண்டும். நாளைக் காலை அவள் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறாள், அதோடு காகிதமும் போயாக வேண்டும். ஒரு ஆளுடைய பிழைப்பு அதில் இருக்கிறது. அவளுடைய கல்யாணமும் அதில்தான் இருக்கிறது என்கிறாள் என் மனைவி விசாலம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காகிதம் வேறு, கல்யாணம் வேறு. எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துதான் போடவில்லை. மதுரையில் ஏறும்போது திண்டுக்கல்லில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இப்போது திருச்சியும் தாண்டிவிட்டது.

தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா? நல்லது. ரயிலில் தெரியாதவர் கொடுப்பதை வாங்கக் கூடாது. நீங்கள் விவரமானவர்.

என் மகள் பெயர் மீனலோசனி. வீட்டில் லோசு. மிருக வைத்தியம் படித்தவள். படித்துவிட்டு மதுரையில் ஒரு நாய்க்கு ஊசி போட்டாளா? இல்லை. ஜாம்பியாவில், லுவாங்வா என்று ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு, அங்கே கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்ட காட்டு மிருகங்களை விடுவித்து மருந்து போடுகிற வேலை. ஆறு வருஷமாக அங்கேதான். போன வருஷம் ஆனி மாதம் போன் செய்தாள். "அப்பா, ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பேரு டாலிசோ. இந்த ஊர்க்காரர். காட்டுக்குள்ள ஆளுங்களை நடத்திக் கூட்டிட்டுப் போற வழிகாட்டி" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வேண்டாம்னு இப்பவே சொல்லாத. வந்து அவரோட அஞ்சு நாள் நட. அப்புறம் சொல்லு."

கவனித்தீர்களா? பார் என்று சொல்லவில்லை, பேசு என்று சொல்லவில்லை, நட என்கிறாள். அறுபது தாண்டினவனை, முழங்கால் தேய்ந்தவனை, சிங்கம் இருக்கிற காட்டில் நடக்கக் கூப்பிடுகிறாள். ஏன் ஒரு ஓட்டலில் உட்கார வைத்துப் பேசக் கூடாது? எனக்கு அப்போதே உறுத்தியது. விசாலம் என்ன சொன்னாள் தெரியுமா? "போயிட்டு வாங்க. நான்தான் தெனம் வீடியோவில பேசுறேனே, எனக்கு அந்தத் தம்பியைப் பிடிச்சிருக்கு." தினமும் பேசுகிறாளாம். என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு. "சாப்பிட்டாச்சா" என்று தமிழில் கேட்கிறானாம், அதில் இவள் விழுந்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷமாக நான் கேட்கவில்லையா? சரி, அது இருக்கட்டும்.

போனேன். மூன்று விமானம் மாறி, கடைசியாக ஆட்டோ மாதிரி குலுங்குகிற ஒரு குட்டி விமானத்தில் இறங்கினேன். நெட்டையாக, முகத்தில் சிரிப்போடு டாலிசோ நின்றான். ஆளை நான் முகத்தில் பார்க்க மாட்டேன் சார், காலில் பார்ப்பேன். டிக்கெட் இல்லாதவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான், கால் மட்டும் அடங்காது. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். இவன் கால் அசையவே இல்லை. மண்ணில் நட்ட மாதிரி நின்றான். இது என்னடா, இவ்வளவு பழகினவனா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நடைப் பயண ஏற்பாட்டைச் சொல்கிறேன். காலையில் நாம் நடக்க ஆரம்பித்ததும் பின்னால் கூடாரத்தையெல்லாம் பிரித்து, கட்டில், பாத்திரம், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, சுற்றுப் பாதையில் நமக்கு முன்னால் போய் அடுத்த இடத்தில் அடித்து வைத்துவிடுவார்கள். நாலு ஆட்கள். நாம் வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தால் நேற்று விட்டுவந்த கூடாரமே அங்கே நிற்கும். என் துண்டு நேற்று தொங்கின அதே கொடியில் தொங்கும். முதல் நாள் எனக்கு நடந்த மாதிரியே இல்லை. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குக் கூட்டிவந்துவிட்டு ஏமாற்றுகிறானோ என்று ஒரு மரத்தில் சாவியால் கீறி வைத்தேன். மறுநாள் தேடினேன், அந்த மரம் இல்லை. அதனால் அந்த விஷயத்தில் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது வரிசை உண்டு. முன்னால் துப்பாக்கிக்காரர், அரசாங்கம் அனுப்புகிற காவலர். அடுத்து இவன். அப்புறம் லோசு, அப்புறம் நான், கடைசியில் கெட்டிலும் கேக்கும் தூக்கிக்கொண்டு என் வயசுக்காரர் ஒருவர். பேசக் கூடாது. மிருகத்தின் காதில் விழுமாம். எனக்கென்னவோ அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம் என்று பட்டது. இரண்டாம் நாள் சொன்னேன், அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நான் நடக்கிறேன் என்று.

"தாராளமா சார்" என்று இங்கிலீஷில் சொல்லி உடனே ஒதுங்கி வழிவிட்டான்.

மறுப்பே சொல்லவில்லை சார். ஒரு மனுஷன் மறுப்பே சொல்லாமல் இருப்பானா? அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் நடந்தேன். இடுப்பில் ஒரு துணிப்பை, அதில் சாம்பல். நூறடிக்கு ஒரு தரம் அதை எடுத்து உதறுவான். மந்திரமா என்று பின்னால் திரும்பி இவளைக் கேட்டேன். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குறார்ப்பா. நம்ம வாசனை மிருகத்துக்குப் போகக் கூடாதுல்ல?" என்றாள். காற்றைப் பார்க்க விரலை நனைத்துத் தூக்கினால் போதாதா? அதற்கு ஒரு பை, அதை ஒரு தோரணையோடு உதறுவது.

ஒன்று சொல்ல வேண்டும். நடக்கத் தெரிந்தவன்தான். மூன்றாம் நாள் ஒரு நாணல் காட்டில் சட்டென்று கையைத் தூக்கினான், எல்லாரும் நின்றோம். எதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, நாங்கள் போக இருந்த வழியில் குட்டியோடு ஒரு யானை கடந்து போனது. எப்படித் தெரிந்தது என்றேன். கீழே காட்டினான். புல்லின் ஓரத்தில் பனி உதிர்ந்திருந்ததாம். நான் குனிந்து பார்த்தேன், புல் புல்லாகத்தான் இருந்தது. இவ்வளவு தெரிந்தவன் என்னைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்து வைத்திருப்பான் என்று யோசனை ஓடியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நெருங்கி உட்காருங்கள், பச்சைச் சட்டை காது கொடுக்கிறான்.

முதல் நாள் சாயங்காலம். கூடாரமெல்லாம் காய்ந்த ஆற்று மணலில். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நடுவில் பத்தடி. ஆட்களெல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் போன பிறகு இவன் ஒரு தழைக் கிளையை ஒடித்துக்கொண்டு வருகிறான். என் மகள் கூடாரத்தைச் சுற்றி மணலைக் கூட்டுகிறான். ஒரு ஆள் படுக்கிற அகலம். பின்பக்கமாக நடந்துகொண்டே தன் காலடியையும் சேர்த்து அழித்துக்கொண்டு போகிறான். குப்பையை அள்ளினானா? இல்லை. குப்பையே கிடையாது அங்கே. தடத்தை மட்டும் அழிக்கிறான். வேலைக்கு நாலு ஆள் இருக்கும்போது யாரையும் தொடவிடாமல் தானே அழிக்கிறான்.

என் கூடாரத்தைச் சுற்றியும் கூட்டினான், இல்லை என்று சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியையும் கூட்டினான். அது சும்மா, ஒப்புக்கு. அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் வெயில் தாழப் படுக்கச் சொல்வார்கள். எனக்கு அசந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் இவன் வந்து தடத்தை அழிக்கிறான். நீங்களே சொல்லுங்கள், பெண்ணைப் பெற்றவன் என்ன நினைப்பான்? இதோடு போகவில்லை. விடியற்காலை, இருட்டு பிரிவதற்குள், நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் கூடாரத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து நடக்கிறான். எதையோ தேடுகிறான். விட்டுப்போனது ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அதன் பிறகுதான் "டீ தயார்" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் வரும்வரை யாரும் கூடாரத்தை விட்டு வரக் கூடாது என்பது சட்டம். யார் போட்ட சட்டம்? அவன் போட்டது.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். யாரிடம்? மகளிடம் ஒரு அப்பா இதை எப்படிச் சார் கேட்பது? அவனிடம் கேட்டால் உண்மையா சொல்லப் போகிறான்?

அப்புறம்தான் தெரிந்தது, முதல் நாளே சொல்லியிருக்கிறான். வந்து இறங்கினதும் எங்களை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினான். சாயங்காலம் மணலைக் கூட்டிவிட்டால் ராத்திரி எது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று காலையில் படித்துவிடலாம், படித்த பிறகுதான் உங்களை வெளியே விடுவேன் என்று விளக்கமாகச் சொன்னானாம். லோசு சொன்னாள். நானும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்வதை யார் கேட்டார்கள்? பேசும்போது அவன் கண் எத்தனை தரம் இவள் பக்கம் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு.

நாலாம் நாள். ஐந்தேகால் மணி இருக்கும், கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவனுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்து படுத்தவன், ஜிப்பைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு வெளியே வந்தேன். செருப்புப் போடவில்லை. மணல் ஐஸ் மாதிரி இருந்தது. அவள் கூடாரத்துக்குப் பின்னால் போனேன்.

தடம் இருந்தது.

அவள் தலைமாட்டுக்கு நேராக, துணிச் சுவரிலிருந்து ஒரு சாண். அங்கே வந்து நின்றிருக்கிறது, காலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறது. அப்புறம் கழிப்பறை வழியாகவே போயிருக்கிறது. என்ன தடம் என்று கேட்காதீர்கள். காய்ந்த மணலில், அந்த வெளிச்சத்தில், எல்லாம் வெறும் குழிதான். ஓரம் சரிந்து உள்ளே விழுந்துவிடும். நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவன், குளம்பும் காலும் மணலில் எப்படி விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரோ வந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. யார் என்றும் தெரிந்த மாதிரிதான்.

அவனை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். இதுதானே தடயம், ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் அதைத்தானே செய்தேன்? ஆனால் சார், கொஞ்ச நேரத்தில் நாலு ஆட்கள் எழுந்துவிடுவார்கள். துப்பாக்கிக்காரர் வருவார். என் மகள் கூடாரத்துக்குப் பின்னால் தடம் கிடப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? மதுரையிலிருந்து நாலாயிரம் மைலுக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு ஆற்று மணலில் நின்றுகொண்டு, ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு உடம்பு வேர்த்தது.

அவன் சாயங்காலம் போட்டுவிட்டுப் போன கிளை அங்கேயே கிடந்தது. எடுத்தேன். தடம் எதுவரை போகிறது என்று பார்த்தேன். கழிப்பறையைச் சுற்றிக் கட்டின சாக்குத் திரை வரைக்கும் போய், அதற்கப்பால் புல். அங்கிருந்து ஆரம்பித்தேன். அவன் செய்கிற மாதிரியே பின்பக்கமாக நடந்து, எல்லாக் குழியையும், என் காலடியையும் சேர்த்து, என் கூடார வாசல் வரை சுத்தமாகக் கூட்டினேன். கிளையை இருந்த இடத்தில் எறிந்துவிட்டு உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டேன். இதை விசாலத்திடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கால் மணி கழித்து விளக்கு வந்தது. வலைத் துணி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து ஒரு சுற்று வந்தான். நின்றான். வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றான் என்று நினைக்கிறேன். அப்புறம் "டீ தயார்" என்றான்.

அவள் வெளியே வந்தாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் திரைப் பக்கம் நடந்தாள். இருபது அடி போயிருப்பாள். புல்லுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது பாருங்கள், லாரி டயரில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி. காட்டெருமை. கிழட்டு ஆண், கூட்டத்தைவிட்டுப் பிரிந்தது. ராத்திரி எங்கள் நடுவில் புகுந்து போய் அங்கே படுத்திருக்கிறது. நான் திரையோரம் நின்று கூட்ட ஆரம்பித்தேனே, அப்போது எனக்கும் அதற்கும் பத்தடி இருந்திருக்கும்.

என்ன வந்தாலும் ஓடக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவன் ஓடினான் சார். அவளைப் பார்த்து ஓடவில்லை. அதைப் பார்த்து ஓடினான். கையில் ஒன்றும் இல்லை, தலையில் அந்த விளக்கு மட்டும்தான். கத்திக்கொண்டே அவளுக்கும் அதற்கும் குறுக்கே போய் விழுந்தான். அது அவனைக் கொம்பில் எடுத்து எறிந்தது. மூட்டையைத் தூக்கி லாரியில் போடுவார்களே, அவ்வளவு சுலபமாக. அதற்குள் துப்பாக்கிக்காரர் வந்துவிட்டார். இரண்டாவது குண்டில் எருமை விழுந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, இவன் மணலில் கிடந்தான்.

அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

விமானம் வர நாலு மணி நேரம் ஆனது. அவள்தான் கட்டை வைத்துக் கட்டினாள், மிருகத்துக்குக் கட்டுகிற மாதிரியே. கட்டிலில் தூக்கிப் போட்டதும் இவன் கட்டிலைத் திருப்பச் சொன்னான், கூடாரங்களைப் பார்த்த மாதிரி. மணலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வெயில் சாய்வாக விழுந்து, கூட்டின கோடெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நான் இடதுகைக்காரன் சார். அவன் கூட்டினால் கோடு ஒரு பக்கம் வளையும், நான் கூட்டினது மறுபக்கம் வளைந்திருந்தது. அதை நானே அப்போதுதான் பார்த்தேன். அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். அந்தக் கையில் டீ டம்ளர் இருந்தது.

இவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டான். அதுவரை சார் சார் என்றவன், "அப்பா" என்றான். விசாலம் சொல்லிக் கொடுத்திருப்பாள். பக்கத்தில் போனேன்.

"லோசனிக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

எது தெரிய வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக யோசிக்கிறேன், அவன் ஏன் அப்படிச் சொன்னான்? அந்த ஊர் வனத்துறையில் விசாரணை வைத்தார்கள். வாடிக்கையாளரை ஆபத்தில் விட்டவனுக்கு நடைப் பயண உரிமம் கிடையாது, ஆயுசுக்கும் கிடையாது. அவர்கள் கேட்ட கேள்விக்கு இவன் எழுதிக் கொடுத்திருக்கிறான், "அன்று காலை நான் மணலைப் பார்க்கவில்லை. அசதி. தவறு என்னுடையது" என்று. பார்த்தான் சார்! என் கண்ணால் கண்டேன். லோசுவும் வலை வழியாகக் கண்டிருக்கிறாள், பார்த்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவன் இல்லை என்கிறான், இவள் ஆமாம் என்கிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? பாக்கி இருக்கிற சாட்சி நான் ஒருவன். பெரிய கவரில் படிவம் வந்தது. கையெழுத்துப் போட்ட அசல் வேண்டும் என்கிறார்கள். நாலு மாதமாக பீரோவில் இருந்தது.

நீங்களே யோசியுங்கள். சும்மா ஒருத்தன் அடுத்தவன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வானா? காலும் போய், வேலையும் போய்? இதில் ஏதோ இருக்கிறது. என் வாயை அடைக்கிறான். இனி அவன் வேண்டாம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? அதுதான் கணக்கு. இல்லையென்றால் எலும்பு கூடவில்லை, மறுபடி ஆபரேஷன் என்றதும் உலகத்தில் வேறு ஊரே இல்லாமல் ஏன் சென்னைக்கு வர வேண்டும்? ஜாம்பியாக்காரர்கள் நிறையப் பேர் வைத்தியத்துக்குச் சென்னைதான் வருகிறார்கள் என்கிறாள் லோசு. இருக்கலாம். விசாலம் போய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் ரசம் சாதம் ஊட்டிவிட்டு நேற்றுதான் வந்தாள். அவளிடம் அவன் ஏதாவது சொன்னானா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டுச்சு, வேற ஒண்ணும் சொல்லல" என்கிறாள். ஏன் முழங்காலைக் கேட்கிறான்?

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நான் கூட்டின மணல் மொழுமொழுவென்று இருந்தது. மற்ற நாளெல்லாம் எலித் தடம், வண்டுத் தடம் என்று ஏதாவது கோலம் போட்டிருக்கும் என்று லோசுவே சொல்கிறாள். அன்று ஒன்றும் இல்லை. இது என்னடா என்று அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? சந்தேகப்படாதவன் என்ன வழிகாட்டி? அந்த விதத்தில் பார்த்தால் அவன் எழுதிக் கொடுத்ததில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. இல்லையா?

செங்கல்பட்டு போய்விட்டதா? ஏரி தெரிகிறதே.

நேற்று ராத்திரி லோசு போன் செய்தாள். குரலே உயரவில்லை. "அப்பா, கல்யாணத்தைப் பத்தி நான் இப்ப கேக்கல. நீ எப்பவும் எல்லாருக்கும் முன்னாடி எழுந்துக்கிற ஆளு. அன்னிக்கு நீ என்ன பாத்தியோ அதை எழுது. அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தெரியும். யாருக்காகன்னு தெரியல."

யாருக்காக என்று தெரியவில்லை என்றாள். தெரிந்தே கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? பெற்ற மகள் சார், எனக்குப் பிடிபடவில்லை.

இதோ, இதுதான். படித்துப் பாருங்கள், ஒன்பது வரிதான். நான் எழுந்தது, தடத்தைப் பார்த்தது, கூட்டினது, அவன் வந்து பார்த்தது. ஏன் கூட்டினேன் என்று அவர்கள் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே குடும்பத்தைச் சேராத ஒரு சாட்சி வேண்டுமாம். தெருவில் யாரிடம் போய் நிற்பேன்? என்ன ஏது என்று கேட்பார்கள். நீங்கள் திருச்சியிலிருந்து ஒரு தரம்கூட செல்போனை எடுக்கவில்லை. சொன்னதைக் கேட்டீர்கள். அவ்வளவுதான் சாட்சி.

அவன் போட்ட பிச்சையில் என் மகளைக் கட்டிக் கொடுக்க மாட்டேன். அதற்காகத்தான் போடுகிறேன், அவனை நம்பி அல்ல. சரி, போட்டுவிட்டேன். பாருங்கள், சங்கரபாண்டியன், தேதி. கை கொஞ்சம் கோணிவிட்டது, வண்டி ஆட்டம். நீங்கள் இங்கே. பெயரை முழுசாக எழுதுங்கள். ஆதார் கையில் இருக்கிறதா? தப்பாக நினைக்காதீர்கள், ஒரு பார்வை. சரிதான், அதே பெயர்தான்.

தாம்பரம் வந்துவிட்டது. இடது பக்கம்தான் பிளாட்பாரம். இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அதோ, நீலச் சுடிதார், அதுதான் லோசு. மெலிந்துவிட்டாள். பக்கத்தில்...

அவன் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே. விசாலத்திடம் தெளிவாகச் சொன்னேன். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள். ஏன் வந்திருக்கிறான்? நான் எழுதிவிட்டேனா என்று பார்க்கவா? எழுத வேண்டாம் என்று சொல்லவா? கையை வேறு ஆட்டுகிறான். என்னைப் பார்த்துவிட்டான்.

சார், ஒரு உபகாரம். நீங்கள் இங்கேதானே இறங்குகிறீர்கள்? இதை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அவள் கையில்தான், அவன் கையில் இல்லை. மேலே என் பெட்டி இருக்கிறது, அதை இறக்கிக்கொண்டு நான் பின்னாலேயே வருகிறேன். வயசானவன், கொஞ்சம் நேரமாகும். போங்கள், வண்டி எடுத்துவிடுவான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வருகிறேன் சார். ஒரு மனுஷன் சொன்னால் நம்பக் கூடாதா?